இருபுற முகவாதமும் ஓர் உதிர்ந்த பெயரும்

முதலாம் உலக யுத்தம் ஐரோப்பாவின் இளைஞரைப் பலிகொண்டிருந்த 1916ஆம் ஆண்டில், பிரெஞ்சு ஆறாம் சேனையின் நரம்பியல் நிலையத்தில் இரண்டு சிப்பாய்களின் கைகால்கள் வலுவிழந்தன. ஜோர்ஜ் கில்லன், ஜான்-அலெக்சாந்தர் பாரே, அந்திரே ஸ்ட்ரோல் என்னும் வைத்தியர் மூவர் அவர்களது முள்ளந்தண்டில் ஊசியேற்றி நீரெடுத்துச் சோதித்தனர். அந்நீரில் புரதம் மிகுந்திருந்தது, கலங்களோ பெருகவில்லை. இளம்பிள்ளைவாதத்திலிருந்து இந்நோயைப் பிரித்தறிய வழி பிறந்தது.

காலிலிருந்து மேலேறும் வாதத்தை லாண்ட்ரி 1859இலேயே விவரித்திருந்தார். எனினும் 1927இல் நோய்க்குச் சூட்டப்பட்ட பெயரில் கில்லனும் பாரேயுமே நிலைத்தனர். தசைகளின் அனிச்சை அசைவைக் கருவிகொண்டு ஆராய்ந்த ஸ்ட்ரோல் உதிர்ந்து போனார். (சிப்பாய்களைப் பற்றிக் கேட்பானேன்!)

இந்நோய் முகத்தைத் தாக்கும் விதத்தை நாம் சற்று ஊன்றி நோக்க வேண்டும். சார்ல்ஸ் பெல்லின் பெயர் பெற்ற முகவாதத்தில் வாய் ஒருபுறம் கோணும். காண்போர் எவரும் அறிவர். இங்கோ பெரும்பாலும் இருபுறமும் ஒருங்கே தளர்கின்றன. முகம் கோணுவதில்லை, முகமூடி போலாகிறது. சிரிக்க முடியாது, இமை மூடாது, குடித்த நீர் உதட்டோரம் வழியும். அரிதாகச் சிலருக்குக் கைகால் வலு ஏறத்தாழக் குறையாமலே, விறைப்பும் கூச்சமும் மட்டும் தோன்றி, முகம் இவ்வாறு செயலிழக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல புறமொன்று இல்லாமையால் வாதம் கண்ணுக்குத் தப்புவதும், நோயாளி மனச்சோர்வுற்றவரென எண்ணப்படுவதும் எளிது.

காரணம் வெகுகாலம் பிடிபடவில்லை. வட சீனக் கிராமக் குழந்தைகளைக் கோடைதோறும் தாக்கிய வாதத்தை 1991இல் அமெரிக்க, சீன வைத்தியர் விவரித்தனர். வயிற்றோட்டம் விளைக்கும் காம்பிலோபக்டர் என்னும் பற்றீரியாவுடன் அதற்குத் தொடர்பிருந்தது பின்னர் புலனாயிற்று. அப்பற்றீரியாவின் மேலுறையும் நம் நரம்புக் கொழுப்பும் உருவொத்தவை. கிருமியை அழிக்க உடல் ஆக்கும் பிறபொருளெதிரி நரம்பையே தாக்குகிறது. மாசுற்ற நீரும் சரிவர வேகாத கோழியிறைச்சியும் இக்கிருமியின் வாயில்கள்.

குருதிநீரை மாற்றும் சிகிச்சை 1980களில் பயனளித்தது; பிறபொருளெதிரிகளை நாளத்தில் ஏற்றுவதும் அவ்வாறே பயன்தருமென 1992இல் ஒல்லாந்தர் காட்டினர். இரண்டின் விலையும் ஏழைக்கு எட்டாதது. எனவே டாக்கா வைத்தியர்கள், சிறிது சிறிதாகக் குருதியெடுத்து, பையில் கலங்கள் அடியில் படியும்வரை வைத்திருந்து, மேல்நீரை அகற்றி, கலங்களை மீளச் செலுத்தும் எளிய முறையை 20 நோயாளரிடம் பரீட்சித்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டனர். அதற்கு விலைமிகு பொறி எதுவும் வேண்டியிருக்கவில்லை.