கலாபத்திற்குப் பின் திரும்பி வந்த உழவர்கள்



காஸாவை மீண்டும் கட்டியெழுப்ப 5,300 கோடி டாலர் தேவைப்படும் என்று ஐ.நா.வும் உலக வங்கியும் ஐரோப்பிய ஒன்றியமும் 2025 பிப்ரவரியில் கணக்கிட்டன. அத்தொகை யார் கையில் சேரும், அந்தக் கையை அம்மக்கள் நம்புவார்களா என்பதே நமக்குப் பெரிய கேள்வியாகத் தோன்றுகிறது. விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் நம் திருக்காட்டுப்பள்ளியை உள்ளடக்கிய தஞ்சைச் சீமையே ஒரு படையெடுப்பில் பாழாகி, பின்பு எழுந்த நிலந்தான்.

1781இல் ஹைதர் அலியின் படை தஞ்சைக்குள் புகுந்தது. இம்மாவட்டத்தார் அதை ‘ஐதர் கலாபம்’ என்றே சொல்லி வந்தனர். ஊர்கள் எரிந்தன, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, சிறுவர்கள் மைசூருக்குக் கொண்டுபோகப்பட்டனர். நெல் விளைச்சல் எட்டில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தது. ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற வீரராக ஹைதரை நம்மில் பலர் போற்றுகிறோம். போற்றுவது தவறன்று. ஆயினும் ஷாமுக்குப் படை அனுப்பிய அபூபக்கர் (ரலி) அவர்கள், பெண்களையும் பிள்ளைகளையும் முதியோரையும் கொல்லாதீர், கனிதரும் மரங்களை வெட்டாதீர் என்று தளபதி யஸீத் இப்னு அபீ ஸுஃப்யானுக்கு இட்ட கட்டளையை மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் நாம், தஞ்சையில் நடந்ததை மட்டும் மறைத்துப் பேசலாகாது. நம்மவருக்கு எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பது சூரா அந்நிஸாவின் கட்டளையன்றோ!

அப்போது தஞ்சைக் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தோர் பசியால் மடிந்தனர். வெளியே நெல் இருந்தது. அதைச் சுமந்துவர மாடுகள்தாம் இல்லை. மன்னர் துளஜாஜி அழைத்தும் குடிகள் மாடு தரவில்லை. முன்பு மாடுகளை வாங்கிய அதிகாரிகள் கூலி கொடுக்காமல் ஏய்த்திருந்தனர். வேறு வழியின்றி, தஞ்சையில் தங்கியிருந்த ஜெர்மானியப் பாதிரியார் ஸ்வார்ட்ஸ் என்பவரை நாடினர். கூலிக்குத் தாமே பொறுப்பு என்று அவர் குடிகளுக்கு எழுதினார். இரண்டு மூன்று நாளில் 1,000 மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. ஒவ்வொருவருக்கும் தம் கையாலேயே கூலி கொடுத்து அனுப்பினார் என்பதுதான் இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. விலை மலிவாக இருந்த நாளிலேயே அவர் அரிசி வாங்கிச் சேர்த்து வைத்திருந்ததால் பஞ்சத்தில் பலருக்கும் உணவளிக்க முடிந்தது. படையெடுத்து வந்த ஹைதரும் அவரை எங்கும் தடுக்க வேண்டாம் என்று தம் படையினருக்கு உத்தரவிட்டிருந்தார். அமானிதம் பேணுபவரை எதிரியும் அறிவான் போலும்!

1784இல் மங்களூர் உடன்படிக்கையோடு போர் ஓய்ந்தது, துன்பம் ஓயவில்லை. போர்ச் செலவுக்குக் கம்பெனி பணம் கேட்டது. மன்னரின் அதிகாரிகள் எஞ்சிய விளைச்சலையும் வாரிக்கொண்டனர். எரிந்த வீட்டைத் திரும்பக் கட்டிய உழவரும் நிலத்தை விட்டு ஓடினர்.

இராக்கின் ஸவாது நிலங்கள் வெல்லப்பட்டபோது, அவற்றைப் படைவீரருக்குப் பங்கிட வேண்டும் எனப் பலர் வற்புறுத்தினர். உமர் (ரலி) அவர்கள் இணங்கவில்லை. நிலத்தை உழுதவர் கையிலேயே விட்டு, உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்களை அனுப்பி அளக்கச் செய்து, தாங்கக்கூடிய வரியை விதித்தார்கள். பின்வரும் தலைமுறைக்கும் அதில் பங்குண்டு என்பது அவர்களது வாதம். உழுகிறவனை நிலத்தில் நிறுத்துவதே அத்திட்டத்தின் உயிர். தஞ்சை அதிகாரிகள் செய்ததோ இதற்கு நேர்மாறு.

சென்னை அரசு தலையிட்டுத் தஞ்சையைக் கண்காணிக்க ஒரு குழு அமைத்தது. வன்முறையான எந்நடவடிக்கையிலும் பங்கேற்கமாட்டேன் என்ற நிபந்தனையோடு ஸ்வார்ட்ஸ் அதில் சேர்ந்தார். இனி நீதி கிடைக்கும் என்று மன்னர் சொல்லியும் ஓடிப்போனவர்கள் நம்பவில்லை. பின்பு, மன்னர் சொல்லுக்குத் தாமே பிணை என்று ஸ்வார்ட்ஸ் வாக்களித்தார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினர். அவர்களைக் கண்டு மற்றவர்களும் வந்தனர். உழவு தொடங்கும் பருவம் தவறிப்போயிருந்தது. இரவும் பகலும் உழைத்தனர். அவ்வாண்டு விளைச்சல் முந்தைய ஆண்டை விஞ்சியது.