தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

இல்லம் என்பது இளைப்பாறுவதற்கு உரிய இடம். ஆயினும் அந்த இல்லத்தினுள் தனித்திருந்து இளைப்பாற உங்களுக்கென்று ஓர் இடம் உண்டா என்று வினவினால், நம்மில் பலர் விடை கூறத் தயங்குவோம். கூடம் உண்டு, அடுக்களை உண்டு, படுக்கையறையும் உண்டு. எல்லாம் எல்லாருக்கும் பொது. அதனால் எவருக்கும் தனியே உரியதாய் எதுவும் இல்லை. 'மன அழுத்தம்' என்னும் சொல் இன்று மருத்துவர் வாயிலிருந்து மட்டுமன்றிப் பள்ளிப் பிள்ளைகள் வாயிலிருந்தும் வருகிறது. அமைதி தரும் மூலை ஒன்று வீட்டில் வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறோம். அந்த மூலையை அமைப்பது சுவரா, கதவா? பொருநைக் கரையின் வரலாறு இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது.

தாமிரபரணியின் வடகரையில் உள்ள ஸ்ரீவைகுண்டம், நவதிருப்பதிகளுள் ஒன்றாகவும் குமரகுருபரர் பிறந்த ஊராகவும் புகழ் பெற்றது. அவ்வூருக்கு மற்றொரு அடையாளமும் இருந்தது. அது மண்ணால் எழுப்பிய ஒரு கோட்டை. அரசர் இருந்த கோட்டையன்று. படை இருந்த கோட்டையும் அன்று. கோட்டைப் பிள்ளைமார் எனப்படும் சிறு சமூகத்தார் தம் குடும்பங்களோடு வாழ்ந்த குடியிருப்பு அது. பருவம் எய்திய பெண்கள் அம்மதிலைத் தாண்டி வெளியே வருவதில்லை. அயல் ஆடவர் எளிதில் உள்ளே செல்லவும் இயலாது. 1909ஆம் ஆண்டில் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில் இச்சமூகத்தைப் பற்றிய குறிப்பு உண்டு. மானிடவியல் அறிஞர் கமலா கணேஷ் இவர்களின் வாழ்வை ஆராய்ந்து 1993இல் ஒரு நூலே வெளியிட்டார். 'எல்லைச் சுவர்கள்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பை அதற்குச் சூட்டினார். அந்தக் கட்டுப்பாடு இன்று வரலாறாகிவிட்டது.

வெளியுலகின் சந்தடி ஏதும் நுழையாத இடம் அது. அவ்வளவில் அமைதி நிலவியிருக்கத்தான் வேண்டும். ஆனால் தனிமை வேறு, தனிமைப்படுத்தப்படுதல் வேறு. முன்னதில் மனிதர் தாமே உள்ளே சென்று கதவைச் சாத்துகிறார். வேண்டும்போது திறந்துகொண்டு வருகிறார். பின்னதில் கதவைச் சாத்துபவர் வேறொருவர். இரண்டிடத்திலும் சுவர் ஒன்றுதான்; தாழ்ப்பாள் இருக்கும் பக்கந்தான் வேறு.

பிறருடைய கோட்டையை நோக்கி விரல் நீட்டும் முன் நம் இல்லங்களையும் நோக்குவது நேர்மையாகும். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு 1923இல் திறக்கப்பட்ட இருப்புப் பாதையில் ஸ்ரீவைகுண்டம் ஒரு நிலையம். அதே பாதையில் கிழக்கே சென்றால் காயல்பட்டினம். முத்துக் குளிப்பும் கடல் வாணிபமும் செழித்த கடற்கரை அது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்து எழுதிய காயல் துறையின் பெயர் இன்றும் அக்கரையில் வாழ்கிறது. காயல்பட்டினத்தின் பழைய வீடுகள் அகலம் குறைந்து ஆழம் மிகுந்தவை. முன்கட்டு ஆடவர்க்கும் விருந்தினர்க்கும் உரியது. பின்கட்டு பெண்களின் ஆட்சி. தெருவில் இறங்காமலே பெண்கள் உறவினர் வீடுகளுக்குச் சென்றுவரத் தனிச் சந்துகள் உண்டு. தொழுகைக்கும் ஓதலுக்கும் அவர்கள் கூடப் பெண்கள் தைக்காக்களும் உண்டு. திருமணத்தின்போது வீடு மகளுக்குச் சேர்கிறது. மாப்பிள்ளைதான் மனைவியின் இல்லத்துக்கு வருகிறார். தன் பெயரில் வீடுடைய பெண் என்பது உலகின் பல நாடுகளில் அண்மைக்காலம் வரை கனவாக இருந்ததை எண்ணும்போது, இது சிறிய பேறன்று.

ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. வீடு அவளுடையது, அவ்வீட்டில் ஒரு மணி நேரம் அவளுடையதாய் இருந்ததா? ஆடவனுக்குத் திண்ணை இருந்தது, பள்ளிவாசல் இருந்தது. ஆன்மிகம் நாடுவோர்க்குக் 'கல்வத்து' என்னும் தனித்திருத்தல் இருந்தது. கீழக்கரையில் பெரியார் ஒருவர் 'கல்வத்து நாயகம்' என்றே வழங்கப்படும் அளவுக்கு அந்நெறி இக்கரையில் மதிக்கப்பட்டது. பெண்ணுக்கோ பின்கட்டு முழுதும் இருந்தது. அங்கே குழந்தைகளும் அடுப்பும் நோயுற்றோரும் உறவினரும் உடன் இருந்தனர். பரந்த இடம் இருந்தும், தனியிடம் இருந்ததென்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

அத்தகைய இல்லங்களினுள்ளிருந்தும் ஒளி வெளிவந்ததுண்டு. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளி சென்றவரல்லர். வீட்டிலிருந்தே எழுதிய அவருடைய 'காதலா? கடமையா?' என்னும் புதினம் 1938இல் உ.வே.சாமிநாதையரின் மதிப்புரையோடு வெளிவந்தது. மறுபுறம், நம் காலத்துக் கவிஞர் சல்மாவின் வரலாறும் உண்டு. துவரங்குறிச்சியைச் சேர்ந்த அவருக்குப் பதின்மூன்றாம் வயதில் பள்ளிப்படிப்பு நின்றது. மணமான பின், புகுந்த வீட்டில் கழிப்பறையில் மறைந்து நின்று கவிதை எழுதியதாக அவரே கூறியிருக்கிறார். வீட்டில் வேறிடம் இல்லாமலில்லை. தாழ்ப்பாளை உட்புறமாகப் போட்டுக்கொள்ளும் உரிமை அந்த ஓரிடத்தில்தான் இருந்தது! எழுத விரும்பும் பெண்ணுக்குப் பொருளும் தனி அறையும் வேண்டும் என்று ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் வாதிட்டார். அவர் அறை கேட்டார். இங்கே ஒரு மூலைகூட மறைத்துப் பெறவேண்டியதாயிற்று.

இந்நிலைக்கு மார்க்கத்தைக் காரணமாக்குவது பொருந்துமா? பொருந்தாது. திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் 27ஆம் வசனம், பிறர் வீட்டினுள் அனுமதி பெறாமல் நுழைவதைத் தடுக்கிறது. 58ஆம் வசனமோ இன்னும் உள்ளே வருகிறது. வைகறைத் தொழுகைக்கு முன், நண்பகல் ஓய்வில், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று வேளைகளில், வீட்டிலுள்ள சிறுவரும் பணியாளரும்கூட அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டும் என்கிறது. ஒரே கூரையின் கீழ் வாழ்வோர்க்குள்ளும் ஒருவரின் ஓய்வு மற்றவரால் மதிக்கப்படவேண்டும் என்பதன்றோ இதன் பொருள்?

இத்பான் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியும் எண்ணத்தக்கது. அவருக்குப் பார்வை குன்றியிருந்தது. மழைவெள்ளம் பெருகும்போது பள்ளிவாசலுக்குச் செல்ல இயலவில்லை. தம் இல்லத்தில் ஓரிடத்தைத் தொழுமிடமாக்கிக்கொள்ள விரும்பி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை அழைத்தார். வந்த பெருமானார், எவ்விடத்தில் தொழ விரும்புகிறீர் என்று வீட்டுக்காரரையே கேட்டார்கள். அவர் ஒரு மூலையைச் சுட்டினார். அங்கே நின்று இரண்டு ரக்அத்துகள் தொழுதார்கள். இடத்தைத் தேர்ந்தவர் அதில் இருக்கப்போகிறவரே என்பதைக் கருதுக. ஹனஃபி மத்ஹபில், பெண்கள் தம் இல்லத்தில் தொழுகைக்கென ஒதுக்கிய இடத்தில் இஃதிகாஃப் இருக்கலாம் என்பதும் சட்டமாகவே உள்ளது. அந்நாள்களில் அந்த இடமும் பொழுதும் அவளுக்கே உரியவை.

தார்சாவும் பட்டாசலும் புறவாசலும் கொண்ட நெல்லைச் சீமை வீடுகள் இடிந்து, இரண்டு அறைக் குடியிருப்புகள் எழுகின்ற காலம் இது. தனி அறைக்கு எங்கே போவது என்று கேட்கலாம். அறை வேண்டா, மூலை போதும். சாளரத்தருகே ஒரு பாய், சுவரில் ஒரு சிறு அலமாரி, அதில் விரும்பிய நூல்கள், அருகே ஒரு செம்புத் தண்ணீர். கைபேசிக்கு அங்கே இடமில்லை. இவை எளியவை. அரியது ஒன்றுண்டு: அங்கே ஒருவர் அமர்ந்திருக்கும்போது மற்றவர் அழைக்காதிருத்தல். அஸருக்குப் பின் அரைமணி நேரம் அந்த மூலை அன்னைக்குரியது என்று வீட்டார் ஒப்புக்கொண்டால், தேநீரைக் கணவர் கொதிக்க வைக்கலாம். அழும் குழந்தையை மூத்த பிள்ளை தூக்கிக்கொள்ளலாம். அந்த ஒப்புதல்தான் கதவு. அது இல்லாதவிடத்து மாளிகையும் கோட்டைதான்.

ஸ்ரீவைகுண்டத்து மண்மதில் சொல்லும் பாடம் இதுவே. அமைதியை எழுப்பித் தருவது சுவரன்று. உள்ளிருப்பவர் கையில் உள்ள தாழ்ப்பாள். இன்று மாலை நம் இல்லத்தில் ஒருமுறை சுற்றிப் பார்ப்போம். நம் அன்னையர்க்கும் மனைவியர்க்கும் மக்களுக்கும் அந்தத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது?