மக்கு பெஞ்ச்

1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல்லுக்கு முட்டை, லாரியோடு பிற்பாடு இன்னொரு பெயரும் சேர்ந்தது: மார்க். விடுதிப் பள்ளிகள் பெருகின காலத்தில், எழுத்துக் கூட்டத் திணறிய பிள்ளைக்கு ஒரே பெயர்தான், 'மக்கு'. "மண்டையில ஏற மாட்டேங்குது சார்" என்று அப்பாவே சொல்லிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. சட்டத்துக்கே தெரியாத விஷயம். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஊனங்கள் ஏழு என்றது. அதில் டிஸ்லெக்சியா இல்லை, ஆட்டிசமும் இல்லை.

இந்தியாவில் இதற்காகப் பேச முன்வந்தவர்கள் பெரும்பாலும் பெற்றோர். ஆட்டிசமுள்ள மகனின் தாயான மெரி பரூவா 1991-இல் டெல்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' தொடங்கினார். 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தை ஏற்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலை 21 ஆக்கி, கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது.

ஆனால் சம்பந்தப்பட்டவரே பேசுவது வேறு. அமெரிக்காவின் ஜிம் சின்கிளேர் தாமே ஆட்டிசம் உள்ளவர். 1993-இல் டொரண்டோ மாநாட்டில், உயிரோடிருக்கும் பிள்ளைக்கு இழவு காக்க வேண்டாம் என்கிற பொருளில் பெற்றோரிடமே பேசினார்.

எங்கள் வகுப்பில் மக்கு பெஞ்சில் உட்கார்ந்தவன் இன்று லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். மகனுக்கும் அதே திணறல். "டாக்டர் சொல்லச் சொல்லத்தான், எனக்கும் இதுதான் இருந்துருக்குன்னு தெரிஞ்சுதுடா" என்றான். இப்போது ராத்திரியில் மகனோடு உட்கார்ந்து அவனும் எழுத்துக் கூட்டுகிறான்.