ஈர், பேன், பெருமாள்



‘மேக் எ மவுண்டன் அவுட் ஆஃப் எ மோல்ஹில்’ என்ற ஆங்கில மரபுத்தொடரை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் முதல் சிக்கல் அந்த ‘மோல்’தான். நம் மதுரைப் பக்கம் இல்லாத பிராணி. மண்ணுக்கடியில் வளை தோண்டி, தோண்டிய மண்ணை மேலே தள்ளிக் குவிக்கும். சிறிய குவியலாகத்தான் இருக்கும். அந்தக் குவியலை மலை என்று சொன்னால் எப்படி? அதுதான் பொருள்.

இத்தொடரை 1548இல் நிக்கோலஸ் உடால் என்பவர் எழுத்தில் காண்கிறோம். அவரும் ஒரு பள்ளி ஆசிரியர்தான்! அவர் அதை ‘ஈயை யானையாக்குவது’ என்ற பழைய வழக்கோடு சேர்த்து எழுதினார். அந்த வழக்கு கிரேக்கர்களுடையது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் லூசியன், ஈயைப் புகழ்ந்து ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதி, இதைச் சொல்லித்தான் முடிக்கிறார். யானை மறைந்து மலை மட்டும் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது.

நம் பாட்டிமார் சொன்னது, ‘ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்கி.’ எனக்கு இதுவே பிடிக்கும். ஆங்கிலத் தொடரில் அளவு மட்டும் தெரிகிறது. இதில் படிகள் தெரிகின்றன. படி இருந்தால் நடுவில் நிறுத்தவும் முடியும் அல்லவா?

சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே கோவலனைக் கள்வன் என்றான். பாண்டியன் விசாரிக்கவில்லை, சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவரச் சொன்னான். காவலர்களுக்கே ஐயம் வந்தது; பொற்கொல்லன் பேசி மழுப்பினான். குடித்திருந்த ஒருவன் வாளை வீசினான். பிறகு கண்ணகி சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் முத்து, இதில் மாணிக்கம். உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். அந்த நொடியை முன்பே செலவிட்டிருந்தால் கோவலனும் பிழைத்திருப்பான், பாண்டியனும் பிழைத்திருப்பான், மதுரையும் எரிந்திருக்காது.

எங்கள் சிம்மக்கல் செல்லத்தம்மன் கோயிலில் கண்ணகிக்கும் சன்னதி உண்டு. இந்தப் பக்கம் வரும்போது பார்த்துவிட்டுப் போங்கள்.

எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள், கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர் விடுபட்டதற்காகப் பதினோரு வருடம் பேசவில்லை. அச்சகத்தில் விடுபட்டதா, வேண்டுமென்றே விட்டதா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று நினைத்தபோது, கேட்க வேண்டிய பெரியவர் உயிரோடு இல்லை.

பிள்ளைகளே, கோபம் வரட்டும், தப்பில்லை. ஈராக இருக்கும்போதே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.