முடிச்சுக்குப் பேர் வைப்பது

மாயாஜாலக் கதை எழுதுகிறவர்களுக்கு முடிச்சின் மேல் ஒரு மோகம் உண்டு. நாயகன் கப்பலேறினால் கயிறு வரும். கயிறு வந்தால் ‘நாகபந்தனம்’, ‘காலபாசம்’ என்று ஒரு பேரும் வரும். பேரில் கம்பீரத்துக்குக் குறைவில்லை. ஆனால் கயிறு பிடித்துக் கை காய்த்தவன் வைத்த பேராக அது தெரிவதில்லை.

கும்மிடிப்பூண்டிக்கு நேர் கிழக்கே பழவேற்காடு. அந்தக் கடற்கரையில் முடிச்சை மட்டுமே நம்பி அலைக்குள் போன கலம் ஒன்று இருந்தது. ஆணி கிடையாது, பலகை கிடையாது. லேசான மரங்களைச் செதுக்கிப் பக்கம் பக்கமாக அடுக்கிக் கயிற்றால் இறுக்குவார்கள். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் காயப்போடுவார்கள். அலையில் அசையவே கூடாது, கரையில் விரல் வைத்ததும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று இரண்டு எதிரெதிர் வேலை அந்தக் கட்டுக்கு. முடிச்சுக்குத் தனிப்பேர் தேடாமல், கலத்துக்கே முடிச்சின் பேரை வைத்துவிட்டார்கள்: கட்டுமரம்.

1697-இல் வெளியான தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர் இந்தக் கலத்தைப் பேரோடு வர்ணித்தார். பிறகு ‘கேட்டமரான்’ என்பது இரட்டை உடல் படகின் பேராகிவிட்டது. அமெரிக்காவில் நத்தானியேல் ஹெர்ஷாஃப் 1876-இல் ஓட்டிய ‘அமரில்லிஸ்’ அந்த வகைதான். அதில் கயிற்றுக் கட்டில் அடுக்கிய மரங்கள் இல்லை. பேர் மட்டும் நம்முடையது. இங்கேயும் 2004 சுனாமிக்குப் பின் ஃபைபர் படகுகள் பெருகி, கட்டுமரம் அருகிவிட்டது.

கிளிஃபோர்டு ஆஷ்லி 1944-இல் வெளியிட்ட முடிச்சு நூலில் 3,800-க்கு மேற்பட்ட பதிவுகள் உண்டு. அவற்றில் ஒன்று ‘திருடன் முடிச்சு’. பார்வைக்குச் சாதாரண முடிச்சுதான், ஆனால் நுனிகள் எதிரெதிர்ப் பக்கம் நிற்கும். யாராவது பையைத் திறந்து வழக்கம்போல் கட்டிவைத்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று மாலுமிகள் போட்டதாகக் கதை. அங்கே திருடனை வைத்து முடிச்சுக்குப் பேர்; நம் ஊரில் முடிச்சை வைத்துத் திருடனுக்குப் பேர். பணம் வேட்டித் தலைப்பிலும் முந்தானையிலும் முடிந்திருந்த காலத்தில், அதை அவிழ்த்தவன் முடிச்சவிழ்க்கி. வடசென்னைச் சண்டையில் இன்றும் ‘முடிச்சவிக்கி’ என்று காதில் விழும். திட்டுகிறவரிடம் இருப்பதோ ஜிப் வைத்த பர்ஸ்.

தமிழ் முடிச்சுப் பேர்களில் அலங்காரம் குறைவு. உருவினால் ஓடுவது உருவாஞ்சுருக்கு. வலையின் ஓட்டை கண் போலிருப்பதால் கண்ணி. பறவைக்கு வைக்கும் பொறியும் அதுவே, பாட்டின் இரண்டடியும் அதுவே. பாட்டு என்றதும் சொல்ல வேண்டும்: நம் செய்யுள் இலக்கணமே கயிற்றுக்கடை. யாப்பு என்றால் கட்டுதல், தளை என்றால் விலங்கு, தொடை என்றால் தொடுத்தது. மந்திரத்தால் கட்டும் சூனியக்காரி ஒருத்தியைப் படைப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? அவள் மந்திரம் பிசகும்போது ‘தளை தட்டியது’ என்று எழுதினால், வாசகனுக்குப் பாட்டும் கேட்கும், விலங்கும் கேட்கும்.

மொழிகளையே உருவாக்கிய டோல்கீன் 1954-இல் வந்த ‘இரு கோபுரங்கள்’ நாவலில், மலைச்சரிவில் கட்டிய கயிறு தானாக அவிழ்ந்து வரும்படி ஒரு காட்சி வைத்தார். உன் முடிச்சு சரியில்லை என்று நாயகன் ஃப்ரோடோ சிரிக்க, கூட வரும் சாமுக்கு ரோஷம் வருகிறது: கயிறு திரிப்பது அவன் தாத்தா, பெரியப்பா வழி வந்த தொழில். முடிச்சுக்கு அங்கே பகட்டான பேர் ஏதுமில்லை. அந்தக் குடும்பத் தொழிலே நம்மை நம்பவைத்துவிடுகிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை வாசலில் சரக்கு லாரிக்குத் தார்ப்பாய் கட்டும் கிளீனரைப் பாருங்கள். கயிற்றின் நடுவில் ஒரு வளையம் முறுக்கி, நுனியைக் கீழ்க்கொக்கியில் மாட்டி மேலே வளையத்துக்குள் விட்டு, உடம்பின் முழுக் கனத்தையும் கொடுத்துத் தொங்குவார். மரங்கொத்தி, எறும்புதின்னி, இடிதாங்கி என்று செய்யும் வேலையைச் சொல்லியே பேர் வைக்கும் மொழி இது. அந்தக் கணக்கில் லாரிக் கட்டைப் ‘பாரமிறுக்கி’ என்பேன், கட்டுமரக் கட்டை ‘அலைதாங்கி’ என்பேன். நாகபந்தனக்காரர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.