அரசியல் கேலிச்சித்திரம்: மலேசியா

அரசியல் கேலிச்சித்திரமாவது, ஆட்சியிலிருப்போரையும் அவர்தம் செயல்களையும் மிகைப்படுத்திய உருவத்தாலும் பரிகாசத்தாலும் விமர்சிக்கும் சித்திரம். தலையங்கம் படிக்கப் பொறுமையில்லாதவனும், எழுத்தே அறியாதவனும் ஒரே நோக்கில் விஷயத்தைக் கிரகித்துக்கொள்வதால், அதிகாரம் படைத்தோர் எழுத்தைவிட இதற்கே அதிகம் அஞ்சினர். மன்னர் லூயி பிலிப்பைப் பெருந்தீனி அரக்கனாக வரைந்த பிரெஞ்சு ஓவியர் தோமியே 1832இல் சிறை புகுந்தார். தமிழில் இக்கலைக்கு இடமளித்த முன்னோடி, 1906இல் தோன்றிய பாரதியாரின் 'இந்தியா'.

மலாய் மொழியில் இதற்குப் பெயர்பெற்ற தொடக்கம், 1939இல் சிங்கப்பூரில் வெளிவரத் தொடங்கிய 'உத்துசான் ஸமான்' வாரப் பத்திரிகையில் அமைந்தது. ஆசிரியர் அப்துல் ரஹீம் காஜாய் கற்பனை செய்ய, அலி சனாத் வரைந்த 'வாக் கெத்தோக்' என்னும் பாத்திரம், பெரும்பாலும் ஆங்கில அதிகாரத்தை விட்டுவிட்டுத் தன் சமூகத்தின் குறைகளையும், அரபு, இந்திய வமிசத்தவராயிருந்தும் மலாய்க்காரராக விளங்கியோரின் ஆதிக்கத்தையும் எள்ளி நகையாடியது. பினாங்கின் தமிழ் முஸ்லிம் வழிவந்தோருக்கு அந்த நகைப்பு இனித்திருக்க இயலாது.

1974 முதல் 'நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' பத்திரிகையில் வரைந்த லாட், மகாதீரை 22 ஆண்டுகள் பிரதமராகக் கண்டு வரைந்தும் அவரைப் புண்படுத்தாத சாதுரியம் பெற்றிருந்தார். 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் பத்திரிகைகளை ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கச் செய்திருந்த காலத்தில் (அந்நிபந்தனை 2012இல் நீங்கியது), அந்த மென்மையைக் கலைஞரின் சுபாவமென்று மட்டும் கொள்வது பொருந்தாது.

அம்மரபை உடைத்தவர் கெடா மாநிலத்தில் பிறந்த ஸுனார். பிரதமர் நஜிப்பையும் அவர் மனைவியையும் ஒளிவுமறைவின்றி வரைந்த இவருடைய நூல்கள் தடைசெய்யப்பட்டன. 2015இல், எதிர்க்கட்சித் தலைவர் அன்வார் இப்ராஹிம் வழக்கின் தீர்ப்பைப் பற்றிய ட்விட்டர் பதிவுகளுக்காக, தேச நிந்தனைச் சட்டத்தின்கீழ் இவர்மீது ஒன்பது குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. 2016 நவம்பரில், எதிர்க்கட்சி ஆண்ட பினாங்கு மாநில அரசின் அலுவலகங்கள் அமைந்த கொம்தார் கட்டடத்திலேயே இவருடைய சித்திரக் கண்காட்சி நடந்தது. மத்திய ஆளுங்கட்சி ஆதரவாளர்கள் உட்புகுந்து கலவரம் விளைவிக்க, மறுநாள் கைதானவரோ சித்திரகாரர். மாநில அரசும் மத்திய அரசும் வெவ்வேறு கைகளில் இருந்தமையால் சித்திரத்துக்கு இடம் கிடைத்ததேயன்றிப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. 2018 தேர்தலில் ஆட்சி மாறியபின், ஜூலையில் அந்த ஒன்பது குற்றச்சாட்டுகளும் கைவிடப்பட்டன; பிரிட்டிஷார் 1948இல் இயற்றிச் சென்ற தேச நிந்தனைச் சட்டமோ ரத்துச் செய்யப்படவில்லை.