ஒரு நாய், ஐந்து நாயின் வேலை: லர்ச்சரின் கதை

நாய் வளர்க்க வருஷ வருமானம் எவ்வளவு இருக்கணும்?

சிரிக்காதீங்க. 1671ல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் இதற்குச் சட்டமாகவே பதில் எழுதி வைத்தது. சொந்த நிலத்திலிருந்து வருஷத்துக்கு 100 பவுண்டு வரணும். நீண்டகாலக் குத்தகை நிலம் என்றால் 150. அது இல்லாதவன் வேட்டை நாய் வைத்திருக்கக் கூடாது. ஜமீன்தாரின் காவலாள் வாரண்டோடு வந்து வீட்டைச் சோதனை போட்டு நாயைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

அதே காலத்தில் கவுண்டித் தொகுதியில் ஓட்டுப் போட எவ்வளவு தேவை தெரியுமா? வருஷம் 40 ஷில்லிங் தரும் நிலம், அதாவது 2 பவுண்டு. எம்.பி.யைத் தேர்ந்தெடுப்பதைவிட ஒரு கௌதாரியைக் கொல்ல 50 மடங்கு தகுதி வேண்டியிருக்கிறதே என்று சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் 18ஆம் நூற்றாண்டிலேயே கேலி செய்தார்.

அந்த 1671 சட்டத்தில் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் ஒன்று உண்டு. துப்பாக்கி, வில், வலை, கண்ணி, ஃபெரெட் (கீரி மாதிரி இருக்கும், வளைக்குள் விட்டால் முயலை வெளியே விரட்டும்), கிரேஹவுண்ட். கூடவே லர்ச்சர். இன்றைய இழை இந்த லர்ச்சரைப் பற்றித்தான்.

முதலில் ஒரு விஷயம். லர்ச்சர் என்பது ஒரு இனம் இல்லை, கலப்பு. ஒரு பக்கம் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கும் நாய்: கிரேஹவுண்ட், விப்பெட், டீர்ஹவுண்ட் இந்த வகை. நம்ம கன்னி, சிப்பிப்பாறையை நினைச்சுக்கோங்க, அதே ஒட்டிய வயிறு, நீண்ட கால். இன்னொரு பக்கம் வேலை செய்யும் நாய்: ஆடு மேய்க்கும் கோலி, அல்லது பெட்லிங்டன் மாதிரி டெரியர். பெயருக்குப் பல விளக்கம் சொல்வார்கள். பதுங்குவதைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் என்பார்கள் சிலர், திருடனைக் குறிக்கும் ரோமானி மொழிச் சொல் என்பார்கள் சிலர். எப்படிப் பார்த்தாலும் பெயரிலேயே கிரிமினல் ரெக்கார்டு இருக்கு!

ஏன் கலந்தார்கள்? பரவலாக ஒரு கதை உண்டு. 'ஏழைகள் கிரேஹவுண்ட் வைக்கக் கூடாதுன்னு சட்டம், அதனால கலப்பு நாயை வளர்த்து, இது கிரேஹவுண்ட் இல்லைங்கன்னு தப்பிச்சாங்க.' கேட்க நல்லா இருக்கும். ஆனால் சட்டங்களைப் படித்தால் இது நிற்காது. விவசாயிகள் கிளர்ச்சி 1381ல் நடந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் இரண்டாம் ரிச்சர்ட் காலத்தில் ஒரு சட்டம் வருகிறது: வருஷம் 40 ஷில்லிங் நிலம் இல்லாத சாமானியன் கிரேஹவுண்டோ வேறு எந்த வேட்டை நாயோ வைத்திருந்தால் ஓராண்டு சிறை. 'வேறு எந்த' என்ற வார்த்தையை கவனிங்க. 1671ல் லர்ச்சர் என்று பெயர் சொல்லியே தடை. 1707ல் மறுபடி பெயர் சொல்லி 5 பவுண்டு அபராதம், கட்ட முடியாவிட்டால் 3 மாதம் உள்ளே. அபராதத்தில் பாதி காட்டிக்கொடுத்தவனுக்கு! ஆக, கலப்பு என்பதால் சட்டத்தில் எந்தத் தப்பும் வழியும் இல்லை.

அப்புறம் ஏன்? என் கருத்து இது: சட்டத்தை ஏமாற்ற அல்ல, காவலாளின் கண்ணை ஏமாற்ற. அதைவிட முக்கியமாக, வேலைக்காக.

பணக்காரரின் வேட்டையைப் பாருங்க. பறவை இருக்கும் இடத்தைக் காட்ட பாயின்டர் அல்லது செட்டர். புதரிலிருந்து கிளப்ப ஸ்பேனியல். முயலைத் துரத்த கிரேஹவுண்ட். வளைக்குள் இறங்க டெரியர். சுட்டு விழுந்ததை எடுத்துவர ரிட்ரீவர். ஆளுக்கொரு டிபார்ட்மென்ட், மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மாதிரி. கூலிக்காரனின் குடிசையில் இருப்பது ஒரே ஒரு நாய்தான். ஒரு வாய்க்குத்தான் கஞ்சி ஊற்ற முடியும். அதனால் அந்த ஒரு நாய் எல்லாவற்றையும் செய்தாக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒத்தை டாக்டராக இருந்தவர்களுக்கு இந்த நாயின் நிலைமை சட்டென்று புரியும்.

கிரேஹவுண்ட் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஆனால் கண்ணில் பட்டால்தான் ஓடும், சீக்கிரம் களைக்கும், பிடித்ததைக் கொண்டுவந்து கையில் கொடுக்கும் பழக்கம் பெரும்பாலும் இருக்காது. கோலி ரத்தம் சேர்ந்தால் சொன்னதைக் கேட்கும் புத்தி, மூக்கு, நீடித்து உழைக்கும் உடம்பு. டெரியர் சேர்ந்தால் முள்ளுக்குள் நுழையும் துணிச்சல், குளிர் தாங்கும் சொரசொர முடி. வேகம் குறைந்தால் மறுபடி கிரேஹவுண்டோடு சேர்த்து முக்கால் பங்கு கிரேஹவுண்டாக ஆக்கிக்கொள்வார்கள். 1790ல் வந்த தாமஸ் பியூயிக்கின் விலங்கு நூலில் லர்ச்சருக்குத் தனி இடம் உண்டு: கிரேஹவுண்டைவிடச் சின்னது, சொரசொரப்பான முடி, நல்ல மோப்பம், இரவு வேட்டைக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று.

அந்த இரவு வேட்டை எப்படி நடக்கும்? காற்று அடிக்கும் இருட்டு ராத்திரி வேணும். முயல்கள் வளையை விட்டு வெளியே வந்து வயலில் மேயும். வளைக்கும் அவற்றுக்கும் நடுவே நீள வலையைச் சத்தமில்லாமல் கட்டுவார்கள். நாய் சுற்றிப் போய் மறுபுறமிருந்து விரட்டும். பெரிய காட்டு முயல் என்றால் வேறு முறை. அது ஓடும்போது பழகிய வழியில், வேலியின் கேட் பக்கம்தான் போகும். கேட்டில் வலையைத் தொங்கவிட்டு, நாயை மட்டும் வயலுக்குள் அனுப்பினால் போதும். ஒரு குரைப்பு வரக்கூடாது. குரைத்தால் எஜமான் ஜெயிலுக்குப் போவான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது எடுத்துவரும் வேலை. பக்கத்து நிலத்தில் ஆள் கால் வைத்தால் அத்துமீறல். அதனால் நாய் போய்ப் பிடித்து, வேலியைத் தாண்டி, முயலைக் கையில் கொடுக்கணும். கடித்துக் குதறாமல் மெல்லிய வாயோடு கொண்டுவரணும். நசுங்கிய கறி விலை போகாது. பணக்காரரின் ரிட்ரீவருக்கு இது ஒரு அழகு. லர்ச்சருக்கு இதுதான் எஜமானின் ஜாமீன்.

பிடிபட்டால் என்ன ஆகும்? 1217ஆம் ஆண்டின் வனச் சாசனத்திலிருந்தே பார்க்கலாம். மானைக் கொன்றதற்காக யாரும் உயிரையோ உறுப்பையோ இழக்கக் கூடாது என்று சொன்ன சாசனம் அது. அதிலேயே அரச வனத்தில் இருக்கும் நாய்களைப் பற்றியும் ஒரு விதி உண்டு. முன்காலில் மூன்று நகங்களை வெட்டணும், அடிப்பாதத்தைத் தொடக்கூடாது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆய்வு. வெட்டாத நாய்க்கு 3 ஷில்லிங் அபராதம். காவல் காக்கலாம், மானைத் துரத்த முடியாது. ஆபரேஷன் நோட்ஸ் மாதிரி துல்லியமாக எழுதியிருக்கிறார்கள். மனுஷனின் கை கால் தப்பியது, நாயின் நகம் தப்பவில்லை.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் நிலைமை இன்னும் மோசம். பொது மேய்ச்சல் நிலங்கள் வேலி போட்டுத் தனியார் கைக்குப் போயின. 1604லிருந்து 1914 வரை இதற்கென்று 5200க்கும் மேற்பட்ட சட்டங்கள், சுமார் 68 லட்சம் ஏக்கர். விறகும் போச்சு, மாட்டுக்குப் புல்லும் போச்சு. கூலி ரொட்டிக்கே பத்தாது. வேலிக்கு அந்தப் பக்கம் முயல் துள்ளுது. புரதம் எங்கே இருந்து வரும் சொல்லுங்க?

காடுகளில் கம்பி தடுக்கினால் தானாக வெடிக்கும் துப்பாக்கிகளை வைத்தார்கள். கட்டையான இரும்புப் பொறிகள் காலை உடைத்தன. திருடன் யார், காளான் பொறுக்க வந்த குழந்தை யார் என்று அந்தக் கம்பிக்குத் தெரியாது. 1827ல்தான் அந்தத் துப்பாக்கிகளைத் தடை செய்தார்கள். மறு வருஷமே இரவுத் திருட்டு வேட்டைச் சட்டம்: முதல் தடவை 3 மாதம் வரை, இரண்டாவது 6 மாதம் வரை கடுங்காவல், மூன்றாவது தடவை 7 வருஷம் கப்பலேற்றி நாடு கடத்தலாம். முயலுக்காக!

1831ல் சொத்துத் தகுதி ஒழிந்தது, லைசென்ஸ் முறை வந்தது. தன் பயிரைத் தின்னும் முயலைப் பிடிக்கும் உரிமை குத்தகை விவசாயிக்கு நிரந்தரமாகக் கிடைக்க 1880 ஆனது.

லர்ச்சரின் பிழைப்பில் கடைசி அடி சட்டத்தால் விழவில்லை, வைரஸால் விழுந்தது. 1953ல் மிக்ஸோமடோசிஸ் கென்ட் பகுதிக்கு வந்தது. அம்மை வைரஸ் குடும்பம். கண் வீங்கி, குருடாகி, முயல் செத்துப்போகும். அங்கே முயல் தெள்ளுப்பூச்சி பரப்பியது. இரண்டே வருஷத்தில் நாட்டின் முயல்களில் 95 சதவீதத்துக்கு மேல் காலி. போர்க்கால ரேஷன் முழுக்க ஏழை வீட்டு அடுப்பில் வெந்த கறி அது. அதன் பிறகு முயல்கள் ஓரளவு எதிர்ப்பு சக்தியோடு மீண்டன, ஆனால் நோயில் கண் வீங்கிய முயலைப் பார்த்த பலர் அந்தக் கறியைத் தொடவே இல்லை.

இன்றைக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டப்படி காட்டு முயலை நாய் வைத்து வேட்டையாடுவது குற்றம். சாதாரண முயலுக்கும் எலிக்கும், நில உரிமையாளர் அனுமதியோடு, விலக்கு உண்டு. இப்போது திருட்டுத்தனமாக லர்ச்சரோடு வயலில் இறங்குபவர்களில் பலர் பசிக்காக வருவதில்லை, பந்தயத்துக்காக வருகிறார்கள். விவசாயியை மிரட்டுகிறார்கள். 2022ல் தண்டனையைக் கூட்டியது அதற்காகத்தான். பழைய கதையைச் சொல்லி இவர்களுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

கடைசியாக, இங்கிலாந்தில் என்.எச்.எஸ்.ஸில் இருக்கும் நம்ம ஆட்களுக்கு. அங்கே நாய்க் காப்பகங்களில் லர்ச்சர்கள் நிறைய. சாதுவான நாய், சோபாவை விட்டு இறங்காது. தத்தெடுத்தால் கால்நடை மருத்துவரிடம் ரெண்டு விஷயம் பேசுங்க. ஒன்று, கிரேஹவுண்டுகளுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு, சில மருந்துகளைக் கல்லீரல் மெதுவாகத்தான் உடைக்கும். தயோபென்டோன் கொடுத்தால் எழ ரொம்ப நேரம் ஆகும் என்பது பழைய பாடம். ஹீமட்டோக்ரிட் 50ஐத் தாண்டி 60 வரை வந்தாலும் பதறாதீங்க, அவற்றுக்கு அது நார்மல். ரெண்டு, கோலி ரத்தம் இருந்தால் ஐவர்மெக்டின் (கோவிட் காலத்தில் ஊரே பேசிய அதே மாத்திரைதான்) அதிக டோஸில் மூளைக்குள் புகுந்துவிடலாம். மருந்தை வெளியே தள்ளும் பம்ப்பைக் கெடுக்கும் ஒரு மரபணு மாற்றம் கோலி வகைகள் சிலவற்றில் உண்டு. கலப்பில் எந்தக் கோலி என்று யாருக்கும் தெரியாது. ஒரு ஜீன் டெஸ்ட் எடுத்துட்டு அப்புறம் மருந்து கொடுக்கச் சொல்லுங்க.